நாலாம் வண்டியின் கட்டம்

கட்டக்காரி என்றதும் ஜாதகக் கட்டம் பார்ப்பவள் என்று நினைத்துவிட வேண்டாம். ஆபீஸ்களில் கம்ப்யூட்டரைத் திறந்து வரிசை வரிசையாகக் கட்டம் போட்டு வைத்துக்கொண்டு எழுதுகிறார்களே, அந்தக் கட்டங்களுக்குள் எழுத்து அடம்பிடித்தால் போய்ச் சரிசெய்து கொடுப்பது அவள் பிழைப்பு. பூஜ்யத்தில் ஆரம்பிக்கும் போன் நம்பரை அடித்தால், கட்டம் பூஜ்யத்தை விழுங்கிவிட்டு மிச்சத்தைக் காட்டும். வீட்டு நம்பரை அடித்தால் அதைத் தேதியாக மாற்றி வைக்கும். முதல் எழுத்தைப் போட்டவுடனே, நேற்று எழுதிய வேறு யாருடைய பெயரையோ தானாக இழுத்து வந்து நிரப்பும். ஆபீஸ்காரர்கள் கம்ப்யூட்டரைத் திட்டித் தீர்ப்பார்கள். இவள் வந்து உட்கார்ந்து, நாலு தட்டு தட்டி, அதைவிட அதிகமாக ஆபீஸ்காரர்களைத் திட்டிவிட்டுப் போவாள். வாய் கொஞ்சம் காரம், ஆனால் வேலை சுத்தம்.

அன்று காலை அவளைக் கூப்பிட்டது ஆம்புலன்ஸ் நிலையத்து மேனேஜர்.

"மேடம், எங்க டியூட்டி சார்ட்ல ஒரு கட்டம் இருக்கு. அதுல என்ன அடிச்சாலும் கொஞ்ச நேரத்துல செத்துப் போனவர் பேரா மாறிடுது."

"யார் செத்துப் போனவர்?"

"எங்க டிரைவர்தான். சிட்டுன்னு கூப்பிடுவோம். எனக்கு அப்படியே உடம்பெல்லாம் புல்லரிக்குது மேடம்."

"பேய்னு ஒண்ணு இருந்திருந்தா முதல்ல என் மாமனார்தான் வந்திருப்பார், டிவி ரிமோட்டைத் தேடிக்கிட்டு. நான் வர்ற வரைக்கும் யாரும் அந்தக் கட்டத்துல கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

நிலையம் என்றால் பெரிய கட்டடம் எல்லாம் இல்லை. முன்னால் சிமென்ட் போட்ட முற்றம், அதில் நாலு வண்டிகள் வரிசையாக நின்றன. பின்னால் ஒரே நீள அறை. அறையின் ஒரு மூலையில் மேனேஜரின் மேஜை. எதிர் மூலையில், முற்றத்தைப் பார்த்த கண்ணாடி ஜன்னலை ஒட்டி, ரேடியோ மேஜை. அங்கே காதில் ஹெட்போனும் முன்னால் கழுத்து நீண்ட மைக்குமாக ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது தாண்டியவள். ஹெட்போன் மாட்டி மாட்டியே நடு வகிட்டில் முடி அமுங்கிப் போயிருந்தது. போனில் வரும் அலறலைக் கேட்டு, விலாசம் வாங்கி, எந்த வண்டி எங்கே போக வேண்டும் என்று அனுப்புவது அவள் வேலை. எல்லோருக்கும் அவள் ரேடியோ அக்கா. கட்டக்காரி உள்ளே வந்தபோது அவள் திரும்பிப் பார்த்தாள், சிரிக்கவில்லை.

மேனேஜர் தன் கம்ப்யூட்டரில் சார்ட்டைக் காட்டினார். இடது பக்கம் ஒன்று முதல் நாலு வரை வண்டிகள், மேலே ஷிஃப்டுகள். நாலாம் வண்டிக்கு எதிரே, காலை ஷிஃப்டில், அந்தப் பெயர் இருந்தது. சிட்டு. மேனேஜர் பயத்தில் அந்தக் கட்டத்துக்குச் சிவப்பு வர்ணம் வேறு பூசி வைத்திருந்தார்.

"சிவப்பு அடிச்சா ஓடிப் போயிடும்னு யார் சொன்னது?"

"ஒரு எச்சரிக்கையா இருக்கட்டுமேன்னுதான்..."

"யாருக்கு எச்சரிக்கை? அதுக்கா?"

மேனேஜர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். விஷயம் சிரிப்பதற்கு இல்லைதான். சிட்டு போனபின் நாலாம் வண்டிக்குப் புதிதாக ஒருவரைச் சேர்த்திருந்தார்கள். முன்னால் லாரி ஓட்டியவர், மீசையும் தோளுமாக ஆள் பார்க்க ஒரு கதவு அகலம். எல்லோரும் அவரைப் புதுசு என்றே கூப்பிட்டார்கள். வந்த நாளிலிருந்து சார்ட்டில் அவர் பெயரைப் போடுவதும், அது போய்ச் சிட்டு வருவதுமாக இருந்தது. அதைப் பார்த்த மற்ற டிரைவர்கள் ஆளுக்கொரு கதை கட்டிவிட்டார்கள். வைப்பர் தானாக ஆடுகிறதாம், கண்ணாடியில் பின் சீட் தெரிவதில்லையாம். புதுசு வண்டியைக் கழுவுவார், துடைப்பார், ஏறி உட்கார மட்டும் மாட்டார். ஓடாத வண்டியை எதற்கு வைத்திருக்க வேண்டும் என்று தலைமை ஆபீஸ் கேட்டுவிட்டது. இன்று சாயங்காலத்துக்குள் நாலாம் வண்டி ஓடவில்லை என்றால் அதை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

"ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்கு இந்த வண்டியை விட்டா வேற வண்டி கிடையாது மேடம். மத்த மூணும் இந்தப் பக்கத்துக்கே பத்தாது. அங்க யாருக்காவது நெஞ்சு வலிச்சா என்ன பண்ணுவாங்க?"

நெஞ்சு வலி என்ற சொல் வந்ததும் ரேடியோ மேஜையில் நாற்காலி லேசாகக் கிறீச்சிட்டது.

கட்டக்காரி வேலையை ஆரம்பித்தாள். அவளுக்கு என்று ஒரு முறை உண்டு. முதலில் எழுத்தைச் சந்தேகப்படுவாள், பிறகு கட்டத்தை, அதற்கப்புறம் கட்டங்கள் எல்லாம் அடங்கிய ஏட்டை, கடைசியில் மனுஷனை. தானாகப் பெயரை நிரப்பும் வசதியை நிறுத்தினாள். ஒன்றை அடித்தால் இன்னொன்றாக மாற்றும் பட்டியலில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள், இல்லை. கட்டத்துக்குள்ளே சூத்திரம் எதுவும் ஒளிந்திருக்கிறதா என்று நுழைந்து பார்த்தாள், வெறும் எழுத்துதான். புதுசின் பெயரைப் பக்கத்துக் கட்டத்தில் அடித்தாள். அது சாதுவாக அப்படியே இருந்தது. மூன்றாம் வண்டியின் கட்டத்தில் அடித்தாள், அங்கேயும் இருந்தது. கட்டத்துக்குப் பூட்டு போட்டேனே என்று மேனேஜர் பெருமையாகச் சொன்ன பூட்டையும் பார்த்தாள்.

"இது பூட்டு இல்ல சார். 'நிஜமாவே மாத்தணுமா'ன்னு கேட்கும், ஆமான்னு சொன்னா கதவைத் திறந்து விட்டுடும். உங்க வீட்டு வாசல்லயும் இதைத்தான் மாட்டி இருக்கீங்களா?"

அடுத்து அந்தக் கட்டத்தின் மேல் மவுஸின் வலது பொத்தானைத் தட்டி, அதில் யார் யார் எப்போது கை வைத்தார்கள் என்று காட்டும் இடத்தைத் திறந்தாள். மேனேஜருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. திரையில் ஒவ்வொன்றாக வந்தது. மேனேஜர் மாற்றியிருக்கிறார். சிட்டு மாற்றியிருக்கிறார். மேனேஜர். சிட்டு. மேனேஜர். கடைசியாக, இன்று காலை, சிட்டு.

மேனேஜர் "தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று எழுந்து போனவர் வெகுநேரம் வரவில்லை. கட்டக்காரியும் ஒரு நிமிஷம் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள் என்பதை மறைப்பானேன். எத்தனையோ ஆபீஸ்களில் எத்தனையோ கட்டங்களைப் பார்த்தவள்தான். ஆனால் செத்தவர் இன்று காலை வந்து எழுதிவிட்டுப் போனதாகக் கம்ப்யூட்டரே சாட்சி சொல்லி அவள் பார்த்ததில்லை. மாமனாரை வம்புக்கு இழுத்திருக்க வேண்டாமோ என்றுகூடத் தோன்றியது.

டிரைவர்கள் எல்லோருக்கும் இந்தச் சார்ட் போனில் இருந்தது. டியூட்டியில் பெயர் போடவும், பிரேக் பிடிக்கவில்லை, டயரில் காற்று இல்லை என்று அவரவரே எழுதி வைக்கவும் கொடுத்திருந்தார்கள். சிட்டுவின் போனைப் பற்றி மேனேஜரிடம் வந்தவுடனே கேட்டிருந்தாள். அது கிடைக்கவே இல்லை, துணிமணியை மட்டும் அவன் அக்கா வந்து வாங்கிப் போனாள் என்று சொல்லியிருந்தார்.

கட்டக்காரி தன்னைத் தானே அதட்டிக்கொண்டு, கட்டத்தில் இருந்த பெயரை அழித்தாள். புதுசின் பெயரை அடித்தாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தாள்.

முற்றத்தில் புதுசு நாலாம் வண்டியின் பக்கக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மின்விசிறி ஓடியது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு திரையின் மேல் ஓரத்தில் ஒரு சின்ன வட்டம் தோன்றியது, இன்னொருவர் ஏட்டைத் திறந்திருக்கிறார் என்பதற்கு அடையாளம். ஊதா நிறத்தில் ஒரு சட்டம் முதல் வரியில் வந்து உட்கார்ந்தது. அதன் மேல் சிட்டு என்று இருந்தது. சட்டம் ஒவ்வொரு வரியாக இறங்கியது. இரண்டாம் வண்டி, மூன்றாம் வண்டி, நாலாம் வண்டி. அங்கே நின்றது. புதுசின் பெயர் மறைந்து அந்த இடத்தில் சிட்டு வந்தது.

அப்போது எங்கேயோ மேஜை டிராயர் மூடும் சத்தம் மெதுவாகக் கேட்டது.

கட்டக்காரி திரும்பினாள். ரேடியோ அக்கா ஜன்னலைப் பார்த்து நேராக உட்கார்ந்திருந்தாள். அவள் வலது கை மேஜை டிராயரின் பிடியில் இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் "அடப்பாவி" என்று கத்தியிருப்பார்கள். இவளுக்கும் வாயில் வந்தது, ஆனால் அந்த முதுகைப் பார்த்ததும் வெளியே வரவில்லை. எழுந்து போய் ரேடியோ மேஜைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, அந்தப் போன் உங்ககிட்டயா இருக்கு?"

ரேடியோ அக்கா ஹெட்போனைக் கழற்றவில்லை. ஒரு காதை மட்டும் விலக்கினாள்.

"சீட்டுக்கு இடுக்குல கிடந்துச்சு. புதுசு வர்றதுக்கு முன்னாடி வண்டி கழுவினவர் எடுத்துக் குடுத்தார். சார்ஜ் செத்துப் போயிருந்துச்சு. சார்ஜ் போட்டேன். எல்லாரும் என்கிட்டதான் சார்ஜ் போடக் குடுப்பாங்க, அதனால பூட்டு திறக்கத் தெரியும்." டிராயரின் பிடியிலிருந்து கையை எடுத்தாள். "முதல் தடவை நான் எழுதல. அதை மட்டும் நம்பு. போன் உயிர் வந்ததும் தானா அந்தப் பேர் சார்ட்ல வந்து உட்கார்ந்துச்சு. நான் இங்க உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்தேன்."

கட்டக்காரிக்கு அது புரிந்தது. சிக்னல் இல்லாத இடத்தில் ஒருவர் எழுதினால், போன் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கும். எப்போது சிக்னல் கிடைக்கிறதோ அப்போது கொண்டுபோய்ச் சேர்க்கும். சிட்டு கடைசியாக அந்தக் கட்டத்தில் எழுதிய தன் பெயர் அவன் போன பிறகுதான் ஏட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இதை விளக்கிச் சொன்னாள். ரேடியோ அக்கா கவனமாகக் கேட்டுத் தலையை ஆட்டினாள்.

"அப்ப அவன்தானே எழுதினான்."

"அவர் எழுதினதுதான் அக்கா. ஆனா முன்னாடியே எழுதினது."

"அவன் எழுதினதை அழிக்க மேனேஜர் யாரு?"

அவள் குரல் உயரவே இல்லை, அதுதான் கேட்க என்னவோ செய்தது. பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பிரசவக் கேஸ். சிட்டு போய் அந்தப் பெண்ணை ஏற்றி ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டான், குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. திரும்பி வரும் வழியில் வண்டியை ஓரங்கட்டியிருக்கிறான். இண்டிகேட்டர் போட்டு, கை பிரேக் இழுத்து, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் நிறுத்தியிருக்கிறான். வண்டியில் ஒரு கீறல் இல்லை. ஊருக்கெல்லாம் நெஞ்சு வலிக்கு வண்டி ஓட்டியவன், தன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டீயரிங்கில் தனியாகச் சாய்ந்து கிடந்திருக்கிறான்.

"நான் கூப்பிட்டேன். பதில் இல்ல. மறுபடியும் கூப்பிட்டேன். எங்கேயோ டீக்கடையில உட்கார்ந்துட்டான்னு நினைச்சுக் கோவம் வந்துடுச்சு. 'என்னடா, தூங்கிட்டியா? வண்டி உங்கப்பன் வீட்டு சொத்தா?'ன்னு ரேடியோவில கத்தினேன். எல்லா வண்டியிலயும் கேட்டுச்சு. அவன் வண்டியிலயும் கேட்டிருக்கும்ல? அவன் காதுல கடைசியா விழுந்தது அதுவா இருக்குமா?"

கட்டக்காரி ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள். இல்லை என்று சொல்ல அவள் யார்? ஆமாம் என்று சொல்ல மனது வருமா?

"இங்க ஒரு வழக்கம் இருக்கு. மேனேஜர் வர்றதுக்கு முன்னாடியிருந்தே நாங்களா வெச்சுக்கிட்டது" என்றாள் ரேடியோ அக்கா. "வண்டியை அனுப்பினவங்கதான் டிரைவர் பேரைச் சார்ட்லருந்து எடுக்கணும். அதுவும் சும்மா எடுக்கக்கூடாது. அவங்க வாயால 'வந்தாச்சு'ன்னு சொல்லணும். வண்டி முற்றத்துல வந்து நின்னாலும் சரி, கண்ணால பார்த்தாலும் சரி, குரல் கேட்காம பேரை எடுக்க மாட்டோம். ஒரு தடவை வேற ஒருத்தன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான், ஓட்டிட்டுப் போனவன் ஆஸ்பத்திரியில அடிபட்டுக் கிடந்தான். அதுலருந்து இப்படி. நாலாம் வண்டி திரும்பி வந்தப்பவும் வேற ஒருத்தர்தான் ஓட்டிட்டு வந்தார். சிட்டு எனக்கு 'வந்தாச்சு' சொல்லல. மறுநாள் காலையில பார்த்தா மேனேஜர் பேரை எடுத்துட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கல."

"அதனால திருப்பித் திருப்பி எழுதறீங்க."

"பேர் இருந்தா வழியில இருக்கான்னு அர்த்தம்."

பட்டப்பகல். முற்றத்தில் வெயில் வெள்ளையாக அடித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் அந்த வார்த்தையைக் கேட்டதும் கட்டக்காரி திரும்பி அங்கே நின்ற நாலாம் வண்டியைப் பார்த்தாள். இத்தனை நாளாக இந்த அம்மாள் மற்ற மூன்று வண்டிகளை அனுப்பி, வரவழைத்து, பெயர் எழுதி, பெயர் எடுத்து, அதற்கு நடுவில் நாலாவது வண்டி ஒன்று எங்கேயோ ஒரு ரோட்டில் இண்டிகேட்டர் போட்டபடி இன்னும் நிற்பதாகவே உட்கார்ந்திருக்கிறாள்.

"அக்கா, நான் அங்க போய் ஒரு தட்டு தட்டினா, அந்தப் போனுக்கும் சார்ட்டுக்கும் இருக்கிற தொடர்பு அறுந்துடும். மேனேஜர்கிட்ட பழைய போன் ஒண்ணுல கோளாறுன்னு சொல்லிட்டுப் போயிடுவேன். உங்க பேர் வராது."

"அறுத்துக்கோ. நான் இந்த மேஜையிலருந்து எழுதுவேன்."

"வேலை போயிடும் அக்கா. வண்டியும் போயிடும். சாயங்காலம் எடுத்துட்டுப் போக வர்றாங்க."

"தெரியும்." அவள் கண் ஜன்னலை விட்டு நகரவில்லை. "ராத்திரி படுத்தா அதுதான் ஓடுது. ஆத்துக்கு அந்தப் பக்கம் யாராவது கூப்பிட்டா நான் எதை அனுப்புவேன்? ஆனா அந்தப் பேரை எடுக்கலாம்னு கையைக் கொண்டுபோனா கை போக மாட்டேங்குது. நீ வேணா பாரு." சொல்லிவிட்டுத் தன் கீபோர்டின் மேல் விரலை வைத்துக் காட்டினாள். விரல் அழிக்கும் பொத்தானுக்கு மேலே வந்து நின்றுவிட்டது.

கட்டக்காரி அந்த விரலையே பார்த்தாள். இதுவரை ஒரு கட்டத்தையும் பாதியில் விட்டுவிட்டு அவள் எழுந்ததில்லை. ஆனால் இதற்கு என்ன தட்டுவது?

"அன்னைக்கு அப்புறம் நாலாம் வண்டியைக் கூப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

"இல்ல. யாரு இருக்கா அதுல?"

"கூப்பிட்டுப் பார்த்துடுங்க அக்கா. கேட்டுட்டே எடுங்க. கேட்காம எடுக்க வேண்டாம்."

பேச ஆரம்பித்ததிலிருந்து ரேடியோ அக்கா முதல் தடவையாக அவளைத் திரும்பிப் பார்த்தாள். கிண்டல் செய்கிறாளா என்று பார்த்தாள் போலிருக்கிறது. கிண்டல் இல்லை. ஹெட்போனைச் சரியாக மாட்டிக்கொண்டு மைக்கைக் கிட்டே இழுத்தாள். தொண்டையைச் செருமினாள். பொத்தானை அழுத்த இரண்டு தடவை முயன்று மூன்றாவது தடவை அழுத்தினாள்.

"நாலு... நாலாம் வண்டி... சிட்டு, எங்கடா இருக்கே?"

அவள் குரல் அறையில் கேட்டது. அதே குரல் முற்றத்தில் மற்ற வண்டிகளிலிருந்தும், நாலாம் வண்டியின் மூடிய கண்ணாடிக்குள்ளிருந்தும் கேட்டது. புதுசு துள்ளி நாலடி பின்னால் போனார். கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

பதில் இல்லை. மேஜை மேலிருந்த ரேடியோ ஸ்பீக்கரில் இரைச்சல் மட்டும் வந்தது. ரேடியோ அக்கா பொத்தானை விட்டுவிட்டுக் காத்திருந்தாள், அன்று எப்படிக் காத்திருந்திருப்பாளோ அப்படி.

"கோவத்துல சொன்னேன்டா. மனசுல வெச்சுக்காதே. பத்திரமா இருக்கியா, சொல்லு."

அப்போதும் இரைச்சல்தான். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தவள் தலையைக் குனிந்துகொண்டாள். கட்டக்காரி எழுந்து அவள் தோளில் கை வைத்தாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் புதுசு ரேடியோ மேஜையையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிடுகிற ரேடியோவைப் பதில் சொல்லாமல் விட ஓட்டுகிறவனால் முடியாது. அவர் வண்டியிடம் வந்தார். கதவைத் தொட்டார், கையை எடுத்தார், மறுபடியும் தொட்டார். பிறகு கதவைத் திறந்து, ஏறி, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து மைக்கை எடுப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

"அக்கா." மீசைக்காரரின் குரல் குழந்தைக் குரலாக வந்தது. "அக்கா, சிட்டு இங்க இல்லக்கா. சீட்டு காலியாதான் இருந்துச்சு. இப்ப நான்தான் உட்கார்ந்திருக்கேன்."

ரேடியோ அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க, நாள் கணக்காக அடக்கி வைத்ததை எல்லாம் அழுதாள். கட்டக்காரிக்கும் கண் நிறைந்துவிட்டது, அதை அவள் துடைக்கவும் இல்லை. வாசலில் தண்ணீர் பாட்டிலோடு வந்து நின்ற மேனேஜர் உள்ளே வராமல் அங்கேயே நின்றார்.

"அக்கா? கேக்குதா? நான் இறங்கிடவா?" என்றது ரேடியோ.

"இறங்காதே" என்றாள் ரேடியோ அக்கா. புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கீபோர்டில் விரலை வைத்தாள். கட்டக்காரி தன் கை தானாக நீண்டுவிடாதபடி பின்னால் கட்டிக்கொண்டாள். விரல் இந்தத் தடவை நிற்காமல் இறங்கியது. சிவப்புக் கட்டத்தில் இருந்த பெயர் போய்விட்டது. காலியாக இருந்த அந்தச் சிவப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"உன் பேர் என்னப்பா?"

இத்தனை நாளில் அவள் அவரிடம் கேட்ட முதல் கேள்வி அது. அவர் சொன்னார். எழுத்து எழுத்தாகத் திருப்பிக் கேட்டு, அவளே அடித்தாள். மேஜை டிராயரைத் திறந்து, விரிசல் விட்ட அந்தப் போனை எடுத்து அணைத்து, "சிட்டுவோட அக்காகிட்ட சேர்த்துடு" என்று கட்டக்காரியின் கையில் கொடுத்தாள். அணைந்த பிறகும் அது சூடாகவே இருந்தது.

போன் அடித்தது. ரேடியோ அக்கா எடுத்தாள். விலாசம் கேட்டாள், வயசு கேட்டாள், மூச்சு இருக்கிறதா என்று கேட்டாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம். அவள் குரலில் அழுகையின் சுவடுகூட இல்லை.

"நாலு, கிளம்பு. பாலம் தாண்டி இடது பக்கம், தண்ணி டேங்குக்கு எதிர்ல. வாசல்ல ஆள் நிக்கும்."

வண்டி கிளம்பி முற்றத்தைக் கடந்து கேட் அருகே போய்விட்டது. அவள் மறுபடியும் மைக்கைப் பிடித்தாள்.

"திரும்பி வந்ததும் சொல்லு, கேட்டியா? நீயே சொல்லணும். எவ்வளவு நேரம் ஆனாலும் நான் இங்கதான் உட்கார்ந்திருப்பேன்."